புகையைப் பாராட்டிய சிவசாமி

குளத்தூர் சிவசாமிக்கு எதைப் பார்த்தாலும் வியப்பு. அதை ஒரு வியாதி என்றே சொல்ல வேண்டும். குளம் நிறைந்து கலிங்கு வழிந்தால் "அடேயப்பா!" என்பார். அதே குளம் வற்றி வாய் பிளந்து கிடந்தால், "அடேயப்பா, என்னா வெடிப்பு!" என்பார். தாலுகா ஆபீசில் பியூன் வேலை. டவாலிப் பட்டையை மாட்டிக்கொண்டு தபால் கட்டோடு புறப்படுகிற மனிதர், வழியில் பார்க்கிற பூசணிக்கொடி, பொதிமாடு, கல்யாண ஊர்வலம் எல்லாவற்றுக்கும் நின்று நிதானமாக வியந்துவிட்டுத்தான் நகர்வார். அதனால் அந்தத் தாலுகாவில் எந்தத் தபாலும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை.

வாய்விட்டுப் பாராட்டினால் கண்பட்டுவிடும் என்று ஊருக்குப் பயம் உண்டு. ஆனால் சிவசாமி விஷயத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் போனதும் அந்தந்த வீட்டுக்காரி இரண்டு மிளகாயை அடுப்பில் போடுவாள், படபடவென்று வெடிக்கும், கதை முடிந்தது. எல்லாவற்றையும் ஒரே மாதிரி வியக்கிறவன் கண்ணில் என்ன விஷம் இருந்துவிடப் போகிறது!

மருதாயியைப் பெண் பார்க்கப் போன இடத்திலும் இந்த வாய் சும்மா இருக்கவில்லை. பெரியவர்கள் ஜாதகப் பொருத்தத்தைப் பற்றிக் கனைத்துக் கனைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். மருதாயி தண்ணீர்ச் சொம்போடு வந்து நின்றாள். மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். "அடேயப்பா!" என்றார், கூடம் முழுக்கக் கேட்கும்படி. அவ்வளவுதான், மருதாயிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சொம்புத் தண்ணீர் மாப்பிள்ளையின் தாய்மாமன் மடியில் கொட்டியது.

"சபையில சிரிக்கிற பொண்ணு நமக்கு ஒத்து வராதுப்பா" என்றார் தாய்மாமன், வேட்டியைப் பிழிந்துகொண்டே.

"எனக்குச் சிரிக்கிற பொண்ணுதான் வேணும் மாமா" என்றார் சிவசாமி. கல்யாணம் நடந்தது.

ஒரே மகள் பிறந்தாள், வளர்ந்தாள், மணமேல்குடிப் பக்கம் வாழப் போனாள். அப்புறம் வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். சாயங்காலம் சிவசாமி வந்து உட்கார்ந்து, அன்றைக்குக் கண்ட அதிசயங்களையெல்லாம் நடித்துக் காட்டுவார். தாசில்தார் தும்மிய விதம், சந்தையில் ஆடு ஒன்று ஒரு கணக்குப்பிள்ளையின் குடுமியை மேய்ந்த விதம். மருதாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அவள் சிரிப்பு நாலு வீடு தாண்டிக் கேட்கும். சொந்த பந்தம், சொத்து சுகம் என்று பெரிதாக ஒன்றும் இல்லாத அந்த மனிதருக்கு அந்தச் சிரிப்புதான் எல்லாம்.

அதில்தான் வந்து விழுந்தது ஆதப்பச் செட்டியாரின் மில்.

செட்டியார் திருமயத்துப் பக்கத்துக்காரர். ரங்கூனில் ஒரு பெரிய அரிசி மில்லில் ஏஜெண்டாக இருந்தவர். ஊர் திரும்பியதும் தானும் ஒரு மில் வைக்க வேண்டும் என்று ஆசை வந்து, எங்கேயோ கழித்துப் போட்ட ஒரு பாய்லரை வண்டி மாடுகள் நுரை தள்ள இழுத்து வந்து குளத்தூரில் இறக்கினார். நெல் அவிப்பதும் அதன் ஆவியில்தான், அரைப்பதும் அதன் ஆவியில்தான். உமியையும் விறகையும் வண்டி வண்டியாகத் தின்றது. தின்றதையெல்லாம் ஓர் இரும்புப் புகைக்கூண்டு வழியாகக் கறுப்பாகக் கக்கியது. சிவசாமியின் வீடு மில்லுக்கு நேர் கிழக்கே. மேல்காற்று அடிக்கிற மாதங்களில் புகை வேறெங்கும் போகாமல் விருந்தாளி மாதிரி இவர் வீட்டுக்குத்தான் வந்தது.

மருதாயிக்கு இழுப்பு கண்டது. சும்மா இருந்தால் கொஞ்சம் தேவலை. சிரித்தால் போச்சு! சிரிப்பு பாதியில் இருமலாகும், இருமல் இழுப்பாகும், முகம் நீலம் பாரித்து, அம்மிக்கல்லைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவிப்பாள். நாட்டு வைத்தியர் ஆடாதொடையும் தூதுவளையும் கொடுத்துப் பார்த்தார். "மருந்து நான் தாரேன் சிவசாமி, காத்தை யாரு தர்றது?" என்று கைவிரித்தார்.

சிவசாமி வீட்டுக்குள் நுழையும்போதே முகத்தை உம்மென்று வைத்துக்கொள்ளப் பழகினார். வழியில் எந்த அதிசயத்தைப் பார்த்தாலும் வாசலிலேயே துப்பிவிட்டு வந்தார். மனைவி சிரித்துவிடக் கூடாதே என்று ஒரு புருஷன் பயந்து பயந்து சோறு தின்கிற கொடுமையை எங்கே போய்ச் சொல்வது!

இந்தச் சமயத்தில்தான் புதுக்கோட்டையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி முகாம் வந்தார். சர்க்கார் பங்களாத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். வெள்ளை டிரில் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளை இட்லி. காற்று திரும்பியது. முதலில் இட்லியில் மிளகு தூவியதற்காகச் சமையற்காரரைத் திட்டினார். பிறகு கோட்டிலும் மிளகு விழுந்ததைப் பார்த்துத்தான் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். அன்று மாலையே உத்தரவு ஒன்றுக்கு விதை போட்டாயிற்று. குளத்தூர் தாலுகாவில் எந்தப் பாய்லரும் கரும்புகை விடக் கூடாது. எவ்வளவு கறுப்பு என்பதை அட்டை வைத்துப் பார்க்க வேண்டும்.

அட்டையும் சென்னையிலிருந்து வந்துவிட்டது. அதில் ஐந்து கட்டங்கள். முதல் கட்டத்தில் குறுக்கும் நெடுக்கும் மெல்லிய கறுப்புக் கோடுகள். அடுத்தடுத்த கட்டங்களில் கோடு தடித்துக்கொண்டே போய், ஐந்தாவது கட்டம் முழுக் கறுப்பு. தூர நின்று பார்த்தால் கோடுகள் கலந்து வெளிர் சாம்பல், சாம்பல், அடர் சாம்பல் என்று தெரியும். புகையையும் அட்டையையும் சேர்த்துப் பார்த்து, இரண்டாம் கட்டத்தைவிடப் புகை கறுத்திருந்தால் குற்றம்.

இதற்குப் பொறுப்பாளர் சானிட்டரி இன்ஸ்பெக்டர் ஞானமணி. ஆவூர்க்காரர். ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசை தவறாதவர், சட்டத்தில் ஒரு கால்புள்ளியும் தவறாதவர். "தினமும் போய்ப் புகையைப் பாக்குறதுக்கு ஒரு ஆளு வேணும். எவனுக்குய்யா நல்ல கண்ணு இருக்கு?" என்று தாலுகா ஆபீசில் கேட்டார்.

சிவசாமி தபால் கட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். "சார், எனக்குக் குடுங்க சார். நான் பாக்குறேன்."

கறுப்பு என்று ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்துவிட்டால் சர்க்கார் வந்து மில்லை அடக்கிவிடும், மருதாயிக்கு மூச்சு வந்துவிடும் என்று அந்த மனிதர் நினைத்தார். பாவம், நம்பிக்கை என்றால் இப்படியா! அன்றிலிருந்து அவர் பியூன் இல்லை, புகை வாச்சர்.

அட்டையைக் கண்ணுக்குத் தள்ளிப் பிடிக்க வேண்டும் என்பதால் அதை ஒரு மூங்கில் கழியில் கட்டி, மில்லுக்கு எதிரே புளியமரத்தடியில் ஊன்றினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். புகைக்கூண்டை அவர் அவ்வளவு கிட்டத்தில் நின்று பார்த்தது அன்றுதான். வியாதி விடுமா?

"அடேயப்பா! என்னா ஒசரம்!"

அன்று மத்தியானம் மில்லின் பெரிய பெல்ட் அறுந்தது.

மறுவாரம் செட்டியாரின் வில்வண்டியைப் பார்த்து, "அடேயப்பா, என்னா மினுமினுப்பு!" என்றார். சாயங்காலம் அதன் அச்சு முறிந்தது. பழைய பெல்ட் அறுவதும், புதுக்கோட்டை ரஸ்தாவில் அச்சு முறிவதும் உலக வழக்கம்தான். ஆனால் ஒரு மனுஷன் நாள் தவறாமல் வந்து நின்று, கட்டம் போட்ட தகடு மாதிரி ஒன்றைக் கழியில் நட்டு, ஒற்றைக் கண்ணால் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் ஊர் என்ன நினைக்கும்? அட்டையை மந்திரத் தகடு என்றார்கள். சர்க்காரே சம்பளம் கொடுத்துக் கண்ணூறு வைக்க ஆள் அனுப்பியிருக்கிறது என்றார்கள்.

செட்டியார் அன்றே திருஷ்டி கழிக்க ஆள் அனுப்பினார். மறுநாள் சிவசாமி போய்ப் பார்த்தால், புகைக்கூண்டின் இடுப்பில் ஒரு பூதமுகப் பூசணிக்காய் தொங்கியது. அதற்குக் கீழே எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த மாலை, படிகாரக் கட்டி, ஒற்றைச் செருப்பு. உச்சிக்குப் பக்கத்தில் சட்டையும் முண்டாசும் கட்டிய ஒரு வைக்கோல் பொம்மை, நாக்கைத் துருத்திக்கொண்டு. பார்க்கிறவன் கண் பொம்மைமேல் போகட்டும், புகைமேல் போகக் கூடாது என்பது ஏற்பாடு. சிவசாமி கடமை தவறாதவர். அன்றைய ரிப்போர்ட்டில், "புகை: நாலாம் கட்டம். பொம்மை: ஐந்தாம் கட்டம்" என்று சேர்த்தே எழுதினார்.

ஊர் மாறிவிட்டது. சிவசாமி தெருவில் வந்தால் பால்காரர் மாட்டின்மேல் சாக்கைப் போட்டு மூடினார். தாய்மார்கள் பிள்ளையின் முகத்தை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்கள். காப்பி கிளப்பில் அவருக்கென்று சுவரைப் பார்த்த பெஞ்சு ஒன்று ஒதுக்கப்பட்டது. ஞானமணியிடம் போய் முறையிட்டார்.

"கண்ணூறாவது கத்தரிக்காயாவது! படிச்ச மனுசன் எவனாச்சும் இதை நம்புவானா?" என்று ஞானமணி சிரித்தார். சிரித்துக்கொண்டே தம் டிபன் கேரியரை மேசைக்கு அடியில் தள்ளினார்.

ஆனாலும் ரிப்போர்ட் வேலை செய்தது. ஞானமணி மில்லுக்கு நேரிலேயே போய், கரும்புகை விட்டால் மில்லைப் பூட்டிவிடுவோம் என்று செட்டியாரை எச்சரித்தார். செட்டியார் அடக்கமாகக் கேட்டார்.

"கறுப்பாப் போகக் கூடாதுங்கிறீங்க, சரி. வெள்ளையாப் போனா?"

ஞானமணி உத்தரவை முன்னும் பின்னும் புரட்டினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தார். "வெள்ளையைப் பத்தி இதுல ஒண்ணும் இல்லே" என்றார்.

அவ்வளவு போதாதா? செட்டியார் அடுப்புக்காரன் பிச்சையைக் கூப்பிட்டு, உமியில் தண்ணீர் தெளித்துப் போடச் சொன்னார். ஈர உமி எரியுமா? புழுங்கியது. புழுங்கிப் புழுங்கி வெள்ளை வெளேரென்று ஒரு புகை கிளம்பியது பாருங்கள், அப்படியே கீழே இறங்கி, தெருவில் தவழ்ந்து, கதவிடுக்கில் நுழைந்து, சோற்றுப் பானைக்குள்ளும் எட்டிப் பார்த்தது. கரும்புகையாவது மேலே போய்க்கொண்டே சனியன் பண்ணியது. இது கூடவே குடித்தனம் நடத்தியது. காக்கைகள் ஊரைக் காலிசெய்துவிட்டுப் போயின.

சிவசாமி கண்ணைத் துடைத்துத் துடைத்து அட்டையோடு ஒப்பிட்டார். முதல் கட்டத்தைவிட வெளுப்பு. அட்டையில் அதற்குக் கட்டமே கிடையாது. என்ன எழுதுவார் மனிதர்? "உத்தமம்" என்று எழுதினார். எழுதும்போது கை கூசியது.

"சார், இது முன்னைக்கு மோசம் சார். எம் பொஞ்சாதி படுக்க முடியாம ஒக்காந்தே இருக்கா. இருமலுக்கு ஒரு கட்டம் இல்லையா சார் இந்த அட்டையில?" என்று ஞானமணியிடம் கேட்டார்.

"யோவ், இருமலுக்கு நெறம் இருக்காய்யா?" என்றார் ஞானமணி, தாமும் இருமிக்கொண்டே.

ஆடி மாதம் ஒரு வேடிக்கை நடந்தது. புதுக்கோட்டை சமஸ்தானத்திலேயே வெண்மையான புகை விடும் மில் என்று அதற்கு ஒரு நற்சான்றுப் பத்திரம் வந்தது. மில் வாசலில் பந்தல் போட்டு நாயனம் வைத்து விழா எடுத்தார்கள். பத்திரத்தை வாசித்த ஞானமணி கண்களிலிருந்து தாரை தாரையாக நீர் வடிந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் அழுதார்கள். நாயனக்காரர் பாதிக் கீர்த்தனையில் இருமி, மிச்சத்தைத் தவில்காரரிடம் விட்டுவிட்டார். வாசலில் இத்தனை பேர் நெகிழ்ந்து அழுத ஒரு சர்க்கார் விழாவைக் குளத்தூர் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. விழாவுக்கு வந்த லட்டு ஒன்றைச் சிவசாமி துண்டில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போனார். மருதாயிக்கு அதைப் பிட்டு வாயில் போட்டுக்கொள்ள மூச்சு இல்லை.

மறுநாள் காலை அவள் நிலைமை ரொம்ப மோசம். அம்மிக்கல்லில் சாய்ந்துகொண்டு, கண் செருக, ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் அவ்வளவு நேரம் எடுத்தாள். சிவசாமி பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினார். மேல்காற்று வெள்ளையாக உள்ளே வந்துகொண்டிருந்தது. சட்டென்று எழுந்தார். அட்டையையும் எடுக்கவில்லை, டவாலியையும் மாட்டவில்லை. வைத்தியரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று மில்லுக்கு நடந்தார். போகிற வழியெல்லாம் கெட்ட வார்த்தைகளாகச் சேகரித்துக்கொண்டு போனார்.

செட்டியார் வாசலிலேயே அவரைப் பார்த்துவிட்டார். மரத்தடியில் நிற்கிற கண் மில்லுக்குள்ளேயே வந்துவிட்டதே! "நிறுத்து! மிஷினை நிறுத்து! ஓடுறதை இவர் பாக்கக் கூடாது!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். மிஷின் நின்றது. ஆட்கள் தவிட்டு மூட்டைகளின்மேல் சாக்கை இழுத்து மூடினார்கள். செட்டியார் ஓடிவந்து இரண்டு கையையும் கூப்பினார். மாதக்கணக்கில் "வாய்யா" என்று கூப்பிட்டவர், அன்று "வாங்க ஐயா" என்றார்.

"என்ன வேணும்னாலும் திட்டுங்க ஐயா, கேட்டுக்கிறேன். நல்லதா மட்டும் ஒரு வார்த்தை சொல்லிப்புடாதீங்க. பழனியாண்டவா, இவர் வாயைக் கட்டு!"

சிவசாமி திட்ட வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார். சட்டத்துக்கு அசையாத மனிதர் தன் வாய்க்கு இந்த நடுங்கு நடுங்குகிறாரே என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சேகரித்துக்கொண்டு வந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் ஒரு மூலையில் போட்டார். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"அடேயப்பா!"

செட்டியார் காதைப் பொத்திக்கொண்டார்.

"என்னா பொகை மொதலாளி! மல்லியப்பூ தோத்துச்சு போங்க. நானும் எத்தனையோ பொகை பாத்திருக்கேன். இம்புட்டு வெள்ளையா, இம்புட்டு மெத்து மெத்துனு, ராசா வீட்டுத் தலகாணி மாதிரி… ஆகா!"

"வேணாம் ஐயா!"

"அந்தப் புகைக்கூண்டைப் பாருங்க, என்னா நிமுந்த நிப்பு! இதுக்கெல்லாம் சாவே கெடையாது மொதலாளி. இந்தா, உள்ளாற இருக்கே பாய்லர். தள்ளுங்க, பாக்குறேன். அடேயப்பா! என்னா வயிறு! என்னா ஆரோக்கியம்! ஒரு சளி உண்டா, ஒரு இருமல் உண்டா? எம் பொஞ்சாதி மாதிரியா, மூச்சு எம்புட்டு நல்லா விடுது பாருங்க!"

இதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்துபோயிற்று. பாராட்டா, ஒப்பாரியா என்று தெரியாத ஒரு குரலில்தான் அவர் பாய்லரைப் புகழ்ந்துகொண்டிருந்தார். பிச்சை கரண்டியைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பிளந்து நின்றான்.

அடுப்பில் நெருப்பு இருக்கிறது, மிஷினை நிறுத்தியாயிற்று. ஆவி எங்கே போகும்? "என்னா பொறுமை இந்தப் பாய்லருக்கு!" என்று சிவசாமி சொல்லி வாயை மூடவில்லை, சேப்டி வால்வு திறந்துகொண்டது. உஸ்ஸென்று ஒரு சத்தம்! கூரைத் தகரம் அதிர்ந்தது. தவிடு மூட்டை மூட்டையாகப் பறந்தது. பூதமுகப் பூசணிக்காய் அறுந்து விழுந்து, கூண்டுக்கடியில் சட்டம் போட்டு மாட்டியிருந்த, ஞானமணி கொடுத்த நற்சான்றுப் பத்திரத்தின் கண்ணாடிமேல் சிதறியது. ஆட்கள் விழுந்தடித்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். அந்த வால்வு அப்படித் திறப்பதற்காகவே வைக்கப்பட்டது என்று சொல்ல அங்கே நிதானமாக ஒருவரும் இல்லை. செட்டியார் ஆவி மண்டலத்துக்குள்ளேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"என்ன வேணும் சொல்லுங்க ஐயா! ஒங்க கண்ணுக்கு என்ன வேணும்?"

 தன் கண்ணா இவ்வளவும் செய்தது என்று சிவசாமிக்கே உள்ளூர ஒரு சந்தேகம். ஆனாலும் விடவில்லை.

"நான் என்ன மொதலாளி பண்ணட்டும்? கண்ணுல பட்டா வாய் சும்மா இருக்க மாட்டேங்குது. கறுப்பு பட்டாலும் சொல்லுது, வெள்ளை பட்டாலும் சொல்லுது. நாளைக்கும் வருவேன், பாப்பேன், சொல்லுவேன். பொகைன்னு ஒண்ணு கண்ணுலயே படலேன்னா நான் எதைப் பாராட்டப் போறேன்?"

செட்டியார் எழுந்து உட்கார்ந்து யோசித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "காஞ்ச உமியைக் கொஞ்சம் கொஞ்சமாப் போட்டு, அடியில காத்துக் கதவைத் தொறந்து வச்சா பொகையே தெரியாது. கூண்டையும் ஒசத்தணும். ரங்கூன்ல அப்படித்தான் எரிச்சோம்."

"அங்கிட்டுத் தெரிஞ்சது இங்கிட்டு ஏன் தெரியாமப் போச்சு?"

"அங்கே பக்கத்து வீட்டுல வெள்ளைக்காரன் இருந்தான்" என்றார் செட்டியார். அதைச் சொல்லும்போது அவர் சிவசாமியின் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு மாசத்தில் புகைக்கூண்டு இன்னொரு பனைமர உயரம் வளர்ந்தது. உமி களத்தில் காய்ந்தது. கூண்டின் உச்சியில் காற்று மட்டும் கானல் மாதிரி நடுங்குமே தவிர, புகை என்று சொல்ல ஒன்றும் இல்லை. காக்கைகள் திரும்பி வந்தன. விறகுச் செலவு குறைந்ததில் செட்டியாருக்கும் சந்தோஷம்தான், ஆனால் அதை யாராவது பாராட்டிவிடப் போகிறார்களே என்று வெளியில் சொல்லவில்லை.

சிக்கல் ஞானமணிக்கு வந்தது. புகை வாச்சர் தினமும், "புகை காணவில்லை" என்று எழுதிக் கொடுக்க, மேலே இருந்து கேள்வி வந்தது. காணவில்லை என்றால் வாச்சர் போகவில்லையா, போயும் பார்க்கவில்லையா, பார்த்தும் தெரியவில்லையா? சிவசாமியின் கண்ணைப் பரிசோதிக்கப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். டாக்டர் அவரை உட்கார வைத்துவிட்டுத் தம் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் பரிசோதித்தார். கண் பழுதில்லை என்று முடிவானது. பார்க்கப் புகை இல்லாத ஊருக்குப் புகை வாச்சர் எதற்கு என்று உத்தியோகத்தை எடுத்துவிட்டார்கள். சிவசாமி பழையபடி தபால் பியூன் ஆனார். அட்டையை ஞானமணி ஆவூருக்கு எடுத்துப்போய், தண்ணீர்ப் பானைக்கு மூடியாக வைத்துக்கொண்டதாகக் கேள்வி.

ஆனால் ஆள் மட்டும் பழைய ஆளாக ஆகவில்லை. தபால்கள் எல்லாம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. சிவசாமி தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். குளம் நிறைந்தது, அவர் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் மருதாயிக்கு இருமல் குறைந்து, மெல்ல நடமாடினாள், சோறு வடித்தாள். அவளையும் அவர் நேராகப் பார்ப்பதில்லை. சோற்றைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

பங்குனி பிறந்தது. நார்த்தாமலை அம்மனுக்குத் திருவிழா. மில் வந்த நாளிலிருந்து மருதாயி அந்தப் பக்கம் போனதில்லை, நடக்க மூச்சு ஏது? இந்த வருஷம் போயே தீருவது என்று, மகள் கொடுத்தனுப்பிய அரக்குச் சேலையைக் கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு கூடத்தில் வந்து நின்றாள். சிவசாமி சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இங்கிட்டுத் திரும்பிப் பாருங்க."

"வேணாம். கெளம்பு, நேரமாச்சு."

"எம்புட்டு நாளா இந்த வேசம்? நான் என்ன பாவம் பண்ணினேன், மூஞ்சியக் கூடப் பாக்காம?"

சிவசாமி சுவரிடமே சொன்னார். "அந்தப் பாய்லரைப் பாத்து மூச்சு நல்லா விடுதுன்னு சொன்னேன். அடுத்த நிமிசம் பிச்சுக்கிட்டுச்சு. ஒன்னைப் பாத்து ஏதாச்சும் ஒளறித் தொலைச்சேன்னா? இப்பத்தான் நீ ராத்திரி படுத்துத் தூங்குறே."

"ஊருதான் சொல்லுதுன்னா நீங்களும் நம்புறீங்களா?"

"நம்பலே. ஆனா ஒன்னைய வச்சுச் சோதிச்சுப் பாக்க மாட்டேன்."

 மருதாயி வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"பொண்ணு பாக்க வந்தன்னைக்கு ஒண்ணு சொன்னீங்களே. அதைச் சொல்லுங்க. சொன்னாத்தான் எந்திரிப்பேன். இல்லேன்னா அம்மன் என்னைய இங்கேயே வந்து பாத்துக்கட்டும்."

 வெளியே நார்த்தாமலைக்குப் போகிற வண்டிகளின் சலங்கைச் சத்தம் கேட்டது. கடைசியில் சிவசாமி திரும்பினார். கண்களை இறுக்கி மூடிக்கொண்டார். அது போதாது என்று துண்டை எடுத்துக் கண்ணைச் சுற்றிக் கட்டி முடிச்சும் போட்டார். போட்டுவிட்டு, மனைவி உட்கார்ந்திருந்த திசையைக் கொஞ்சம் தவறவிட்டு, உறியில் தொங்கிய மோர்ப்பானையைப் பார்த்துச் சொன்னார்.

"அடேயப்பா!"

மருதாயி பார்த்தாள். கண்ணைக் கட்டிக்கொண்டு மோர்ப்பானையை வியந்து நிற்கிற புருஷனைப் பார்த்தாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு, வயிற்றை அமுக்கிக்கொண்டு, தலைப்பூ குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை.

சிவசாமி துண்டுக்குள் கண்ணை மூடியபடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் உடைந்து இருமலாகும் என்று அவருக்குத் தெரியும். அந்த இடம் வந்தது. கைகளைக் கோத்துக்கொண்டார். அந்த இடம் போயிற்று. சிரிப்பு அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது, வாசலைத் தாண்டி, நாலு வீடு தாண்டி. பக்கத்து வீட்டுக்காரி என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தாள்.

அப்புறம்தான் சிவசாமி துண்டை அவிழ்த்தார்.